ராத்திரியில் காரும் லைட்டும் ஒரே படத்தில் வர வேண்டும்: எந்த கேமரா?

கேள்வி, ஜனவரி 9

நிறுத்தி வைத்த காரை இருட்டில் எடுக்கிறேன். ஹெட்லைட் எரிய வேண்டும், காரின் வடிவமும் தெரிய வேண்டும். காருக்கு ஏற்ற மாதிரி வைத்தால் முன்பக்கம் பூராவும் வெள்ளைக் குழம்பு. லைட்டுக்கு ஏற்ற மாதிரி வைத்தால் இரண்டு முழிகள் மட்டும் மிச்சம், கார் இல்லை. கையில் இருப்பது பழைய கேமரா, அதோடு வந்த லென்ஸ். எந்த கேமராவுக்கு மாறினால் இது சரியாகும்?

ஜனவரி 9, இரவு 11.20

எதற்கும் மாற வேண்டாம். அந்தக் காசை பத்திரமாக வையுங்கள், முதலில் ஆடாத டிரைபாட் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் சிக்கல் என்னவென்று ஒரு கணக்கில் சொல்கிறேன். ஒருமுறை இருட்டான பார்க்கிங்கில் என் காரை எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (கேமராவின் ஒளி உணர்திறன்) வைத்து எடுத்தேன். உடம்பு ஒழுங்காகத் தெரிய 8 விநாடி ஆனது. அதே அமைப்பில் ஹெட்லைட்டின் உள்வேலைப்பாடு தெரிய 1/60 விநாடி போதும். 480 மடங்கு வித்தியாசம், கிட்டத்தட்ட 9 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). புது சென்சார்கள் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு) இதை எப்படியோ சமாளித்துவிடும், ஆனால் லென்ஸுக்குள் போய் நாலாபக்கமும் சிதறும் வெளிச்சத்தை சென்சார் என்ன செய்யும்? நீங்கள் சொல்லும் வெள்ளைக் குழம்பில் பாதி அதுதான்.

அதனால் முதல் வழி, இருட்டில் எடுக்காமல் இருப்பது. கிண்டல் இல்லை. சூரியன் மறைந்து அடிவானத்துக்கு 4 முதல் 6 டிகிரி கீழே போகும் நேரத்தில் வானமே ஒரு பெரிய விளக்குத் துணி மாதிரி காரின் மேல் வெளிச்சத்தைக் கொட்டும். லைட்டுக்கும் உடம்புக்கும் உள்ள வித்தியாசம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். படத்தில் அது ராத்திரியாகத்தான் தெரியும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த 2 டிகிரி வெறும் 8 நிமிடம். துருவப் பக்கம் போகப் போக நீளும். எட்டு நிமிடத்துக்காக ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் காரைத் துடைத்து, இடம் பார்த்து, ஃபோகஸ் போட்டுக் காத்திருக்க வேண்டும். நான் போன பத்து தடவையில் நாலு தடவை டிரைபாடைத் திறந்துகொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது.

ஜனவரி 10, காலை

"எனக்கு முழு இருட்டுதான் வேண்டும்" என்கிறீர்கள். சரி. அப்படியானால் நேரத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் திரையை, 20 விநாடி திறந்து வையுங்கள். அதில் ஒரே ஒரு விநாடி மட்டும் ஹெட்லைட் எரியட்டும், மீதி 19 விநாடியும் அணைந்தே இருக்கட்டும். கார் 20 விநாடி வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும், லைட் ஒரு விநாடிதான் பதியும். ஒரே படத்திலேயே 4 ஸ்டாப்புக்கு மேல் லாபம். கணினியில் ஒட்டு வேலை எதுவும் வேண்டாம்.

உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து சுவிட்சைத் திருப்பினால் போதும். கதவை மட்டும் திறக்கக் கூடாது, உள் விளக்கு எரிந்துவிடும், காரும் ஆடும்.

ஜனவரி 12, இரவு 10.05

மேலே எழுதியதை நானே திருத்த வேண்டியிருக்கிறது. அது என் பழைய வண்டியில் செய்தது. இப்போதுள்ள வண்டியில் நேற்று தம்பியை உள்ளே உட்கார வைத்து முயன்றேன்.

"ஆஃப் பண்ணுடா."

"பண்ணிட்டேன்ணா. அதுவா எரியுது."

"சாவியை எடு."

"எடுத்துட்டேன். இன்னும் எரியுதுண்ணா, நான் என்ன பண்ண?"

இறங்கி வீட்டுக்குள் போகும்வரை வழிகாட்டுவதற்காக அரை நிமிடம் எரிய விடும் வசதியாம். அதை மெனுவில் தேடி நிறுத்திய பிறகு அடுத்தது வந்தது: சாவி ஆனில் இருக்கும்வரை பகல் விளக்கு (பகலிலும் தானாக எரியும் முன்விளக்கு) அணையவே அணையாது. வெறும் பகல் விளக்குதானே என்று நினைக்காதீர்கள், ஐரோப்பிய விதிப்படி அது குறைந்தது 400 கேண்டிலா (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு). 19 விநாடியில் அதுவே எல்லாவற்றையும் எரித்துவிடும்.

கடைசியில் கறுப்பு அட்டைதான் காப்பாற்றியது. ஷட்டர் திறந்து முதல் ஒரு விநாடி லைட் எரிகிறது. உடனே லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையை, லென்ஸைத் தொடாமல், பிடித்துவிட வேண்டும். தம்பி சாவியை எடுத்து, எல்லாம் அணைந்து, "ம்" என்று குரல் கொடுத்ததும் அட்டையை எடுத்துவிட வேண்டும். ஷட்டர் நேரத்தை 30 விநாடியாக வைத்துக்கொண்டால் இந்தக் கூத்துக்கு எல்லாம் இடம் இருக்கும்.

ஹெட்லைட் மேலேயே கறுப்புத் துணி போடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஹாலஜன் பல்பு என்றால் எரியும்போது போடாதீர்கள். 55 வாட்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது, முன்னால் இருப்பது பிளாஸ்டிக்.

ஜனவரி 13

இன்னொன்று விட்டுப்போனது. கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று, நீண்ட நேரப் படத்தில் வரும் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கும். அது ஆனில் இருந்தால் 30 விநாடி படம் முடிந்ததும் கேமரா இன்னொரு 30 விநாடி கண்ணை மூடி ஒரு இருட்டுப் படம் எடுத்து அதைக் கழிக்கும். அந்த நேரம் பூராவும் கேமரா பிஸி. நான் முதல் தடவை கேமரா செத்துவிட்டது என்று பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன், படம் போச்சு.

ஜனவரி 17, நள்ளிரவு தாண்டி

இன்று ஒரு விஷயம் பிடிபட்டது. இத்தனை வருடமாக எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று எரிச்சலாக இருக்கிறது.

கார் படம் என்றால் நாம் எல்லாரும் என்ன செய்வோம்? கீழே குனிவோம். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் கார் கம்பீரமாகத் தெரியும். பகலில் அது சரி. ராத்திரி லோ பீம் (ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி) எரியும்போது அப்படிக் குனிந்தால் நேராக ஒளிக்குள் தலையை விடுகிறோம்.

லோ பீமின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டினது போல இருக்கும், எதிரில் வருபவரின் கண் கூசக் கூடாது என்பதற்காக. சுவரில் அடித்துப் பாருங்கள், கோடு பளிச்சென்று தெரியும். அந்தக் கோடு பெரும்பாலும் 100-க்கு 1 என்ற அளவில் கீழ்நோக்கிச் சரிந்து போகும். விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் 10 மீட்டர் தள்ளி அந்த விளிம்பு 55 செ.மீ.யில் இருக்கும். கேமரா அதற்குக் கீழே என்றால் ஒளி முழுவதும் லென்ஸில் அறையும். அதற்கு மேலே ஒரு சாண் ஏற்றினால் போதும், விளக்கு எரிவது தெரியும், ஆனால் லென்ஸை அறையாது.

இன்று இரண்டும் எடுத்தேன், ஒரே எக்ஸ்போஷர். 40 செ.மீ. உயரத்தில் வைத்த படத்தில் பம்பர், கிரில், நம்பர் பிளேட் எதுவும் இல்லை. 85 செ.மீ.யில் வைத்ததில் விளக்குக்குள் இருக்கும் வளைவுகூட ஓரளவு தெரிகிறது. ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை.

இடது வலதும் கவனியுங்கள். சாலையோரப் பக்கம், நடந்து போகிறவரும் பலகைகளும் தெரிவதற்காக ஒளி கொஞ்சம் மேலே ஏறும். எதிர்வண்டி வரும் பக்கம் தாழ்ந்திருக்கும். எதிர்வண்டிப் பக்கம் நின்றால் உங்களுக்கு நல்லது. (காலியான இடத்தில் நிறுத்திய காரைப் பற்றிச் சொல்கிறேன், ஓடும் சாலையின் நடுவில் போய் நிற்காதீர்கள்.)

ஆகவே 9-ஆம் தேதி நான் கொடுத்த பதிலை இன்று கொடுத்திருந்தால், "எழுந்து நில்லுங்கள்" என்பதுதான் முதல் வரியாக இருந்திருக்கும்.

ஜனவரி 18

ஒருவர், "அப்படியானால் ஹெட்லைட் எதற்கு, பார்க்கிங் லைட் போதுமே" என்கிறார். பாதி சரி. பார்க்கிங் லைட் மட்டும் போட்டாலே படத்தில் விளக்கு எரிகிற மாதிரிதான் இருக்கும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தரையில் விழும் வெளிச்சம் வராது, அவ்வளவுதான். கார் ஒரு சுவரைப் பார்த்து நின்றால், அந்த வெளிச்சம் இல்லாமல் படம் வெறிச்சென்று இருக்கும். மற்ற நேரத்தில் நானும் இப்போது பார்க்கிங் லைட்டில்தான் ஆரம்பிக்கிறேன்.

ஜனவரி 18, இரவு

பேட்டரி. நேற்று சொல்ல வெட்கமாக இருந்தது. 85 செ.மீ. படம் எடுத்த மகிழ்ச்சியில் வண்டியைக் கிளப்பப் போனால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு ஹெட்லைட் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்பியர். பின் விளக்குகள் தனி. தம்பி உள்ளே சும்மா இருக்காமல் ஃபேன் போட்டு, பாட்டுப் போட்டு, போனுக்குச் சார்ஜும் போட்டிருக்கிறான். 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் படுத்துவிட்டது. இரண்டு பேரும் தள்ளினோம். தள்ளும்போது அவன் சொன்னது: "லைட் படம் எடுக்க வந்து லைட்டே இல்லாம நிக்கிறோம்ணா."

20 நிமிடத்துக்கு ஒருமுறை இன்ஜினை ஓட விடுங்கள். ஓடும்போது படம் எடுக்காதீர்கள், உடம்பு அதிரும், நீண்ட எக்ஸ்போஷரில் அது தெரியும்.

ஜனவரி 25

பின்பக்கம் எடுக்கிறவர்களுக்கு. டெயில் லைட் ஏன் ஆரஞ்சாக, சில சமயம் ரோஸாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார், வெள்ளைச் சமன் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மாற்றியும் சரியாகவில்லையாம்.

சரியாகாது. சிவப்பு விளக்கில் சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழியும். நிரம்பிய பிறகு அது ஏறாது, பச்சை மட்டும் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். சிவப்பு நின்றுவிட்டது, பச்சை வளர்கிறது, இரண்டும் சேர்ந்தால் ஆரஞ்சு. கேமராவின் வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் மொத்தத்தில் வெளிச்சம் அதிகமில்லை. மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்பு வலது சுவரில் முட்டாதபடி குறையுங்கள். குறைத்தால் படம் இருட்டாகத்தான் இருக்கும். அதைத் தனியாக ஒரு படமாக எடுத்து வைத்துக்கொண்டு, உடம்புக்கு எடுத்த படத்தோடு விளக்கு இருக்கும் இடத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரேக் மிதித்துக்கொண்டு எடுக்காதீர்கள். பழைய இரட்டை இழை பல்பில் டெயில் 5 வாட், பிரேக் 21 வாட். வாட்டிலேயே நான்கு மடங்கு. உள்ளே இருக்கும் ஆள் பழக்க தோஷத்தில் காலை வைத்துக்கொண்டே இருப்பார், நாம் கேமராவைத் திட்டிக்கொண்டிருப்போம்.

பிப்ரவரி 2

பேச்சு எங்கேயோ போகிறது, போகட்டும். ஓடும் கார்களின் ஒளிக்கோடு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கோடு மங்கலாக வந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், 10 விநாடியை 25 ஆக்குங்கள், பிரகாசமாகும்.

பிப்ரவரி 3

தப்பு. கீழே ஒருவர் "யோசித்துப் பாருங்கள்" என்று ஒரே வரியில் குட்டியிருக்கிறார். யோசித்தேன், மாடியில் போய் எடுத்தும் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் விளக்கு இருப்பது அது கடந்து போகும் அந்தக் கண நேரம் மட்டும்தான். ஷட்டர் 5 விநாடி திறந்திருந்தாலும் 25 விநாடி திறந்திருந்தாலும் அந்தப் புள்ளிக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றுதான். கோட்டின் பிரகாசத்தை மாற்றுவது அப்பர்ச்சர் (லென்ஸ் துளை), ஐஎஸ்ஓ, வண்டியின் வேகம். மெதுவாகப் போகும் வண்டி தடிமனாக எழுதும், பறக்கும் வண்டி கீறிவிட்டுப் போகும். நேரத்தைக் கூட்டினால் கோடு நீளும், இன்னும் நாலு வண்டி சேரும், சுற்றுப்புறம் வெளுக்கும். நான் 25 விநாடியில் பிரகாசம் கூடியதாக நினைத்தது, ஒரே தடத்தில் இரண்டு மூன்று வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியது.

நீளத்துக்கு கணக்கு வேண்டுமானால்: மணிக்கு 60 கி.மீ. என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். சட்டத்துக்குள் 100 மீட்டர் சாலை தெரிகிறது என்றால் ஒரு வண்டி கடக்க 6 விநாடி. அதைவிடக் குறைத்தால் கோடு நடுவில் தொங்கும்.

பிப்ரவரி 3, இரவு

அந்த மாடிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆரஞ்சுக் கோடு விட்டு விட்டு வருகிறது, தையல் போட்ட மாதிரி. இண்டிகேட்டர்! நிமிடத்துக்கு சுமார் 90 தடவை மின்னும், 60 கி.மீ. வேகத்தில் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் 11 மீட்டர். சாலையில் இருக்கும் வெள்ளைக் கோட்டோடு ஒப்பிட்டால் அந்த ஆள் என்ன வேகத்தில் போனார் என்றுகூடச் சொல்லிவிடலாம் போல. அவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

பிப்ரவரி 6

அதைவிட வேடிக்கை ஒன்று. சில டெயில் லைட் கோடுகள் முழுக் கோடாக இல்லாமல் பாசிமணி கோர்த்தது போலப் புள்ளி புள்ளியாக வருகின்றன. எல்இடியை மங்கலாக எரிய வைக்க மின்னோட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாக பல வண்டிகளில் வேகமாக அணைத்து அணைத்து எரிய வைக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணை வேகமாகத் திருப்பினால் சில பேருக்குத் தெரியும்.

என் வண்டியைச் சோதித்தேன். 1/4 விநாடி ஷட்டர், கையில் கேமராவை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு வீசு. கோட்டில் புள்ளிகளை எண்ணினேன்: 50. அப்படியானால் விநாடிக்கு 200. பிரேக் மிதித்துக்கொண்டு இன்னொரு வீசு: புள்ளியே இல்லை, ஒரே கோடு. முழுப் பிரகாசத்துக்கு அணைக்க வேண்டிய தேவை இல்லையே.

இதில் படம் எடுப்பவருக்கு என்ன பயன்? 1/1000 மாதிரி வேகமான ஷட்டரில் எல்இடி விளக்கை எடுத்தால் சில படத்தில் விளக்கு எரியும், சிலதில் பாதி எரியும், சிலதில் செத்துக் கிடக்கும். விளக்கில் கோளாறு இல்லை. 200 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 1/200 விநாடி. ஷட்டரை 1/50-க்கு மெதுவாக வைத்தால் நாலு சுற்றாவது உள்ளே வந்துவிடும். வீடியோவில் விளக்கு துடிப்பதும் இதனால்தான். இதற்கு முந்தைய உரையாடலில் ஒருவர் தன் புது வண்டியின் விளக்கு வீடியோவில் துடிக்கிறது என்று சர்வீஸுக்கு விட்டுவிட்டு வந்த கதையைச் சொல்லியிருந்தார், இப்போது அவர் ஞாபகம்தான் வருகிறது.

பிப்ரவரி 14

நட்சத்திரம். விளக்கைச் சுற்றிக் கதிர் கதிராக வருவது சிலருக்கு உயிர், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்: அப்பர்ச்சரை எஃப் 11, எஃப் 16 என்று மூடினால் வரும். துளையை மூடும் இதழ்கள் இரட்டைப்படை என்றால் அதே எண்ணிக்கையில் கதிர், ஒற்றைப்படை என்றால் இரண்டு மடங்கு. 8 இதழுக்கு 8, 7 இதழுக்கு 14, 9-க்கு 18. எஃப் 16-க்கு மேல் மூடினால் படம் முழுவதும் மழுங்க ஆரம்பிக்கும். விளக்கு சிறு புள்ளியாக, தூரத்தில் இருந்தால்தான் அழகாக வரும். கிட்டே நின்று எடுத்தால் நீளமான எல்இடி பட்டைக்கு நட்சத்திரம் வராது, மயிர்க்கால் நீட்டிய கம்பளிப்பூச்சிதான் வரும்.

எனக்குக் கொஞ்ச காலம் அப்பர்ச்சர் திறந்தே இருந்தாலும் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு நீண்ட கீற்று, எல்லாம் ஒரே சாய்வில் வந்துகொண்டிருந்தது. லென்ஸை மாற்றலாமா என்று விலை பார்க்கும் அளவுக்குப் போய்விட்டேன். கடைசியில் பார்த்தால் லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருந்த கண்ணாடி ஃபில்டரில் சட்டை நுனியால் துடைத்த விரல் எண்ணெய். துடைத்த திசைக்குக் குறுக்காகக் கீற்று விழும். ஒழுங்காகத் துடைத்தேன், போய்விட்டது.

அந்த ஃபில்டரையே கழற்றிவிடுவது இன்னும் நல்லது. ராத்திரிப் படத்தில் வானத்தில் தலைகீழாக ஒரு ஜோடி ஹெட்லைட் மிதக்கிறதே என்று கேட்டவருக்கும் இதே பதில். சென்சாரில் பட்டுத் திரும்பிய ஒளி, தட்டையான ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே வருகிறது. படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் அந்தப் பேய் நிற்கும். போனிலும் பச்சைப் புள்ளிகளாக வருவது இதன் உறவினர்தான், ஆனால் போனில் கழற்ற ஒன்றும் இல்லை. விளக்கை மையத்துக்குக் கிட்டே கொண்டுவந்தால் புள்ளி விளக்கின் மேலேயே விழுந்து மறைந்துகொள்ளும், அல்லது கொஞ்சம் சாய்த்து அதைக் காருக்கு வெளியே எங்காவது தள்ளிவிட்டுப் பிறகு அழித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 22

கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் படித்தால் போதும்.

கறுப்புக் காருக்கு வெளிச்சம் கொடுக்க முடியாது. எவ்வளவு அடித்தாலும் விழுங்கிவிடும். அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. வெள்ளைக் காரில் நிறமே ஒளியைச் சிதறடிக்கும், எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் தெரியும். கறுப்பில் நீங்கள் எடுப்பது காரை இல்லை, காரில் பிரதிபலிப்பவற்றை. இது புரிய எனக்கு ஒரு முழு இரவு ஆனது. டார்ச்சை வைத்து கதவு முழுவதும் பெயின்ட் அடிப்பது போல அடித்தேன், 30 விநாடி. படத்தில் வந்தது டார்ச் போன பாதை, நூடுல்ஸ் மாதிரி.

டார்ச் வேண்டாம். நீளமான எல்இடி குழல் ஒன்றை எடுத்து, படுக்கவைத்தபடி, காரின் கூரைக்கு மேலே ஒரே உயரத்தில் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். கேமரா அந்தக் குழலின் பிரதிபலிப்பைக் கூரையின் வளைவில், தோள் கோட்டில் (ஜன்னலுக்குக் கீழே ஓடும் மடிப்பு) ஒரு நீண்ட ஒளிப்பட்டையாகச் சேர்த்துக்கொள்ளும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 20 விநாடி என்று ஆரம்பிக்கலாம். கை ஆடினால் பட்டையும் ஆடும், கார் நசுங்கினது போலத் தெரியும். பத்து தடவை நடந்தால் ஒன்று உருப்படும்.

நீங்கள் படத்தில் விழாமல் இருக்கக் கறுப்பு உடை, குழல் உங்கள் மேல் வெளிச்சம் அடிக்காதபடி பிடிப்பு, நிற்காமல் நடை. 1949-இல் கியோன் மிலி என்ற புகைப்படக்காரர் பிக்காசோவின் கையில் ஒரு சிறு விளக்கைக் கொடுத்து இருட்டறையில் காற்றில் வரைய வைத்து எடுத்தார். அதே வித்தைதான். அவருக்குக் காளையும் குதிரைமனிதனும் வந்தது, எனக்கு நூடுல்ஸ்.

உடை பற்றி ஒரு சங்கடம். இந்த ஒளி பெயின்டிங்குக்குக் கறுப்பு உடை வேண்டும், சாலையோரத்தில் நிற்க ஒளிரும் பட்டை போட்ட சட்டை வேண்டும். நான் அந்தச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தேன். பட்டை ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் சாதனம் என்பதை மறந்துவிட்டேன். படத்தில் காருக்குப் பின்னால் ஒரு இடுப்பு மட்டும் மிதக்கிறது. நம்பர் பிளேட்டும் அதே சாதிதான். கேமரா மேலிருக்கும் ஃபிளாஷை அடித்தால் பிளேட் மட்டும் சூரியன் மாதிரி எரிந்து மற்றதெல்லாம் இருட்டாகும்.

பிப்ரவரி 23

தெருவிளக்குகள் கறுப்புக் காரில் பொட்டுப் பொட்டாக விழுவதற்கு: கணினியில் உட்கார்ந்து அழிப்பதற்கு முன்னால் காரை அரை மீட்டர் தள்ளிப் பாருங்கள். பாதிப் பொட்டுகள் காணாமல் போகும். போலரைசர் ஃபில்டர் போடலாமா என்றால், கண்ணாடி மேலும் பெயின்டின் மேல்பூச்சு மேலும் வரும் பிரதிபலிப்பைக் குறைக்கும், ஆனால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தைத் தின்னும், ஒரு கோணத்தில் மட்டும் வேலை செய்யும். கண்ணாடிக்கு அந்தக் கோணம், அதன் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 56 டிகிரி. முன்கண்ணாடியில் சரியாகும்போது கதவில் ஆகாது.

மார்ச் 3

நிறம். ஹாலஜன் சுமார் 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு, எண் ஏற ஏற நீலம் கூடும்), கம்பெனியிலேயே வரும் செனான் 4300 பக்கம், எல்இடி 5500-க்கு மேல். சோடியம் தெருவிளக்கு 2000 சொச்சம். எல்லாம் ஒரே படத்தில் இருந்தால் எதற்குச் சமன் செய்வது? சோடியத்துக்குச் செய்தால் எல்இடி ஹெட்லைட் நீலமாகிவிடும். நான் 3800 வைத்துவிட்டு இரண்டையும் கொஞ்சம் தப்பாக விட்டுவிடுகிறேன், கண்ணுக்கும் ராத்திரி அப்படித்தான் இருக்கிறது.

நீலக் காரைச் சோடியம் விளக்கின் கீழ் எடுக்காதீர்கள். அந்த ஒளியில் நீலமே இல்லை என்று சொல்லலாம், இல்லாததைக் கார் எப்படித் திருப்பித் தரும்? ரா (RAW) கோப்பாக எடுத்து கணினியில் எவ்வளவு இழுத்தாலும் சாம்பல்தான் வரும். இடத்தை மாற்றுங்கள்.

மார்ச் 11

"படங்களில் ஹெட்லைட்டிலிருந்து இரண்டு ஒளித்தூண் கிளம்புகிறதே, எனக்கு வரவே இல்லை." காற்று சுத்தமாக இருந்தால் வராது. ஒளி பக்கவாட்டில் தெரிய நடுவில் எதன் மேலாவது பட வேண்டும்: பனிமூட்டம், தூசி, புகை, மழைத்தூறல். தம்பி ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்துக்கொண்டு விளக்குக்கு முன்னால் ஓடினான். தூண் வரவில்லை, அவனுடைய கணுக்கால் வந்தது. மூட்டமான ஒரு விடியலுக்குக் காத்திருங்கள்.

மழை பெய்து ஓய்ந்த பிறகு எடுத்தால் தூண் இல்லாமலே படம் நிற்கும். ஈரத்தரை விளக்கை உங்களை நோக்கி நீளமாக இழுத்துக் கொண்டுவரும். அப்போது மட்டும் குனியலாம், ஆனால் பார்க்கிங் லைட்டோடு. ஜனவரி 17-இல் நான் சொன்னதை மறக்காதீர்கள்.

மார்ச் 12

ஓடும் காரை இன்னொரு காரிலிருந்து எடுப்பது பற்றிக் கேட்காதீர்கள். பொதுச்சாலையில் ராத்திரி நான் அதைச் செய்வதில்லை. விளம்பரப் படங்களில் பறக்கிற மாதிரி இருக்கும் பல கார்களை, உடம்பிலேயே ஒரு நீண்ட கம்பியில் கேமராவைக் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, பின்னாலிருந்து ஆள் தள்ளி, நடக்கும் வேகத்தில்தான் எடுக்கிறார்கள். ஷட்டர் சில விநாடி திறந்திருந்தால் சக்கரமும் தரையும் கலங்கிவிடும். கம்பியைப் பிறகு அழித்துவிடுவார்கள். தள்ளுவதில் எங்களுக்கு ஏற்கெனவே முன்னனுபவம் உண்டு.

மார்ச் 29

ஜனவரி 9-இல் கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். அதே பழைய கேமரா, அதே லென்ஸ். கேமரா மார்பு உயரத்தில், லோ பீம், 30 விநாடியில் அட்டை வித்தை. ஹெட்லைட்டின் உள்ளே வளையம் வளையமாகத் தெரிகிறது, பானட்டின் மடிப்புக் கோடு தெரிகிறது. டெயில் லைட் படம் மட்டும் இன்னும் ஆரஞ்சு, பிரேக்கில் கால் இருந்திருக்கும்.

முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நீல முகம் மங்கலாகத் தெரிகிறது என்றும், அதை எப்படி அழிப்பது என்றும் கேட்டிருக்கிறார். உள்ளே உட்கார்ந்தவர் போன் பார்த்திருக்கிறார். 30 விநாடியில் போன் வெளிச்சம் நன்றாகவே பதியும். அடுத்த முறை போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய எல்லாப் படத்திலும் அந்த முகம் இருக்கிறது. தம்பி அழிக்கச் சொல்கிறான், ஒன்றில்கூட இன்னும் அழிக்கவில்லை.